மாதக் கடைசிச் சனிக்கிழமைப் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் வெள்ளைத் துணி கட்டி, மாதம் ஒருமுறை அறிவியல் புனைவுப் படம் பார்க்கிறோம். பக்கத்து வீட்டார், இரண்டு தெரு தள்ளி இருக்கும் சொந்தக்காரர்கள், டியூஷன் முடித்து வரும் பிள்ளைகள் என்று இருபது பேர் தேறும். காசு எதுவும் கிடையாது. நாற்காலி மட்டும் அவரவர் தூக்கி வர வேண்டும். படம் முடிந்து தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடிக்கும்போது வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் தொண்டை வறளப் பதில் சொல்வதற்கு ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஏன் அண்ணே அறிவியல் படமாகவே போடுகிறீர்கள்? குடும்பப் படம் போட்டால் இன்னும் கூட்டம் வருமே?

குடும்பப் படம் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு என் வீட்டு வாசலும் கொசுக்கடியும் எதற்கு?

இன்னொரு காரணம் சொந்தக் கதை. நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். சம்பளம் போட்ட வாரத்தில் திடலில் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். முன்பக்கம் பாய் விரிக்க இடம் கிடைக்காத பிள்ளைகள் எல்லாம் துணிக்குப் பின்னால் போய் உட்காருவோம். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாமே இடம் வலமாக மாறியிருக்கும். எம்.ஜி.ஆர் இடக்கையால் வாள் வீசுவார். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நிற்கும். மற்றபடி அதே கதை, அதே பாட்டு, அதே அழுகை. ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கும், அதற்கே உலகம் புதிதாகத் தெரியும். அறிவியல் புனைவின் மேல் எனக்கு ஆசை விழுந்தது அந்தத் துணியின் பின்பக்கத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு அறிவியல் படம் நல்ல படமா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

என் அளவுகோல் தோட்டத்துக் கிராணியின், அதாவது கணக்கரின் அளவுகோல். விடிவதற்கு முன் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுத்தால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அது விழும். மத்தியானம் ரப்பர் பால் நிறுக்கும்போது அந்தப் பேருக்கு நேராக எடை இருக்க வேண்டும். பேர் இருந்து பால் இல்லை என்றால் கிராணி விடமாட்டார்.

படத்துக்கும் அப்படி ஒரு செக்ரோல் வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரே ஒரு பொய் சொல்லிக்கொள்ளலாம். காலத்தில் பின்னால் போகலாம், இயந்திரத்துக்கு மனசு வந்துவிட்டது, வேற்றுக்கோள் ஆள் வந்து இறங்கிவிட்டான், எதுவானாலும் சரி, நான் தலையாட்டிவிடுவேன். அதற்கப்புறம் அந்தப் பொய்யால் யார் யாருக்கு என்னென்ன ஆகும் என்று சென் கணக்குவரை காட்ட வேண்டும்.

2015இல் வந்த ‘இன்று நேற்று நாளை’ இதற்கு நல்ல உதாரணம். இரண்டு சாதாரண ஆட்களின் கையில் கால இயந்திரம் கிடைக்கிறது. அவர்கள் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. ஜோசியம் என்று சொல்லி, ஊர்க்காரர்கள் தொலைத்த பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். நம் ஆள் கையில் கிடைத்தாலும் முதலில் அதைத்தான் செய்வான்! அப்புறம் அவர்கள் கை பட்டதில் சாக வேண்டிய ரவுடி ஒருவன் சாகாமல் போகிறான், மிச்சப் படம் முழுக்க அந்தக் கணக்கைத் தீர்க்கவே சரியாகிவிடுகிறது. வைத்த பொய் ஒன்று, விளைந்தது அத்தனையும் அதிலிருந்தே.

கெட்ட படத்துக்குப் பேர் சொல்லி வம்பு வேண்டாம். நினைத்த இடத்துக்கு நொடியில் போகும் கருவியை வைத்துக்கொண்டு, கடைசிக் காட்சியில் கதாநாயகியைப் பிடிக்க ஆட்டோவில் துரத்துவார்களே, அந்த வகை.

படத்தில் அறிவியல் தப்பாக இருந்தால் பார்க்கலாமா?

பார்க்கலாம். 2015இல் வந்த ‘தி மார்ஷியன்’ படத்தில் செவ்வாய்க் கோளில் ஒரு பெரும் புயல் வந்து ஆட்களைத் தூக்கி வீசுகிறது. அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எவ்வளவு வேகமாக அடித்தாலும் நம் மேல் அது மெல்லிய காற்றாகத்தான் படும். மூலக்கதையை எழுதியவருக்கே இது தெரியும், தெரிந்தேதான் வைத்தேன் என்று சொல்லிவிட்டார்.

நான் அந்தப் புயலை மன்னித்துவிட்டேன். ஏனென்றால் அதுதான் படத்தின் ஒரே அனுமதிச்சீட்டு. தனியாக மாட்டிக்கொண்டவன் அதற்குப் பிறகு மனிதக் கழிவை எருவாகப் போட்டு உருளைக்கிழங்கு நடுகிறான், ராக்கெட் எரிபொருளிலிருந்து தண்ணீர் எடுக்கிறான், எத்தனை நாளைக்கு எத்தனை கிழங்கு என்று எண்ணுகிறான். லயத்துக்குப் பின்னால் கீரையும் மரவள்ளியும் போட்டுப் பிள்ளை வளர்த்த எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மண்ணை இன்னும் கொஞ்சம் அணைச்சு விடணும்” என்று திரையைப் பார்த்துச் சொன்னார். நாசா ஆலோசகர்களுக்கு அப்புறம் அந்தப் படத்துக்குக் கிடைத்த ஒரே தொழில்முறைக் கருத்து அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு மணி நேரம் ஏழு வருஷம் ஆகும் என்கிறார்களே, அது எப்படி?

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. 2014இல் வந்த ‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்தில் ஒரு கோள். ஒளியைக்கூட விடாமல் இழுக்கும் கருந்துளைக்கு மிக அருகில் இருப்பதால், அங்கே ஒரு மணி நேரம் நின்றால் பூமியில் ஏழு ஆண்டுகள் ஓடிவிடும்.

ஈர்ப்பு கூடக்கூடக் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் போட்ட கணக்கு. நம்பாதவர்கள் கைப்பேசியை எடுத்துப் பாருங்கள். வழிகாட்டும் ஜிபிஎஸ் துணைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கே ஈர்ப்பு குறைவு, அதனால் கடிகாரம் சற்று முந்துகிறது. வேகமாகச் சுற்றுவதால் கொஞ்சம் பின்தங்கவும் செய்கிறது. கூட்டிக் கழித்தால் நாளுக்கு 38 மைக்ரோ நொடி முந்தும் (ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரோ நொடி). அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் சுமார் 10 கிலோமீட்டர் பிழை சேர்ந்துவிடும். ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் புறப்பட்டவரை வேஸ் என்ற வழிகாட்டிச் செயலி, பாமாயில் எடுக்கும் ஏதாவது செம்பனைக் காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தும். படத்தில் செய்ததெல்லாம் அந்த 38 மைக்ரோ நொடியை ஏழு ஆண்டாக இழுத்ததுதான். அதையும் இஷ்டத்துக்கு இழுக்கவில்லை, இயற்பியலாளர் கிப் தார்ன் கூடவே இருந்து கணக்குப் போட்டுக் கொடுத்தார். அவருக்கு 2017இல் ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. படத்தில் வரும் கருந்துளையைச் சமன்பாடுகளை வைத்தே வரைந்தார்கள். சில பிரேம்களுக்குக் கணினி 100 மணி நேரம்வரை எடுத்துக்கொண்டதாம். ஐந்து ஆண்டு கழித்து, 2019 ஏப்ரலில், உண்மையான கருந்துளையின் முதல் படம் வெளியானபோது எங்கள் டியூஷன் பையன் ஓடி வந்து கைப்பேசியை நீட்டினான்: “அங்கிள், நம்ப படத்துல பார்த்தோமே!” நம்ப படம் என்றான்.

ஆனால் அந்த இரவு எல்லாரும் பேசியது கருந்துளையைப் பற்றி இல்லை. அந்தக் கோளிலிருந்து திரும்பி வந்த அப்பா, தன் பிள்ளைகள் அனுப்பிய 23 ஆண்டுச் செய்திகளை ஒரே மூச்சில் உட்கார்ந்து பார்ப்பார். மகன் வளர்கிறான், கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறந்து இறந்துபோகிறது, கடைசியில் இனி செய்தி அனுப்ப மாட்டேன் என்கிறான். கடைசி வரிசையில் ஒரு தங்கச்சி இருந்தார். கணவர் சிங்கப்பூரில் வேலை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். பிள்ளைக்குப் பல் விழுந்ததும் முளைத்ததும் அவருக்குக் கைப்பேசித் திரையில்தான். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அந்தத் தங்கச்சி யாரிடமும் பேசாமல் நாற்காலியை மடக்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்து, “அதே படத்தைப் போடுங்கண்ணே” என்றார். போட்டேன்.

விண்வெளியில் சத்தமே கேட்காது என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள். படத்தில் மட்டும் டமால் டுமால் என்கிறதே?

பள்ளிக்கூடத்தில் சொன்னது சரி. காற்று இல்லாத இடத்தில் சத்தம் பயணம் செய்ய எதுவும் இல்லை. 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ அதை அப்படியே மதித்தது. ஆள் வெளியே மிதக்கும்போது அவன் மூச்சு மட்டும் கேட்கும். புயலடிக்கும் இரவில் போர்வைக்குள் நம் மூச்சு நமக்கே கேட்குமே, அந்தப் பயம்.

1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ எதிர்ப்பக்கம் போனது. வெடிக்கும், சீறும், உறுமும். ஆனால் அந்தச் சத்தங்களை உண்டாக்கிய பென் பர்ட் ஆயத்த ஒலிகளை எடுத்து ஒட்டவில்லை. ஒளிவாளின் ரீங்காரம் ஒரு பழைய படம் காட்டும் இயந்திரத்தின் மோட்டார் சத்தமும், தொலைக்காட்சிக் குழாயின் இரைச்சலும் சேர்ந்தது. எதிரி விமானத்தின் அலறல் யானையின் பிளிறலோடு, மழைத் தார்ச்சாலையில் கார் ஓடும் சத்தத்தைக் கலந்தது. கெரிக் பக்கம் இரவில் லாரி ஓட்டும் நம் மாமா ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அதான், எனக்கு அந்தச் சத்தம் வந்தாலே கால் பிரேக்குக்குப் போகுது” என்றார்.

அறிவியல்படி முதல் படம் சரி, இரண்டாவது தப்பு. மனசில் நிற்பதில் இரண்டும் சமம். நடுவில் மாட்டிக்கொண்டு எங்கோ கேட்ட சத்தத்தையே போடும் படங்கள்தான் காதோடு போய்விடுகின்றன.

பூதம், ராட்சசன், வேற்றுக்கோள் மிருகம் எல்லாம் எப்போது பயமாக இருக்கும்?

காட்டாதபோது. 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தில் அந்தப் பிராணி மொத்தமாகவே சில நிமிடங்கள்தான் திரையில் தெரியும். உடைக்குள் இருந்தவர் போலாஜி படேஜோ என்ற நைஜீரிய இளைஞர், 2 மீட்டருக்கு மேல் உயரம். முழுதாகக் காட்டியிருந்தால் உயரமான மனிதன் ஒருவன் ரப்பர் உடையில் நிற்கிறான் என்று நமக்குத் தெரிந்துபோயிருக்கும்.

தலையில் விளக்குக் கட்டி விடியற்காலை பால் வெட்டப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிச்சம் விழுகிற மரத்தைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. அதற்கு அடுத்த மரம்தான் பிரச்சினை.

ஜப்பான்காரர்களின் காட்சில்லா வேறு வகை. 1954இல் வந்த முதல் படத்தில் அது நன்றாகவே தெரியும். அதே ஆண்டு மார்ச்சில் பிக்கினித் தீவில் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. ஹிரோஷிமா முடிந்து ஒன்பதே ஆண்டு. குண்டால் எழுந்து வந்த மிருகம் நகரத்தை எரிக்கிறது என்று காட்டியபோது, கொட்டகையில் இருந்தவர்களுக்கு அது மிருகமாகவா தெரிந்திருக்கும்? அதன் உறுமல்கூட, டபுள் பேஸ் என்ற பெரிய வயலினின் தந்தியைத் தோல் கையுறையால் தேய்த்து எடுத்தது. கவனித்துக் கேளுங்கள், கோபத்தைவிட வலி அதிகம்.

தமிழில் நல்ல அறிவியல் படமே இல்லையாமே?

யார் சொன்னது? மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1963இல், நம் ஆட்கள் ‘கலை அரசி’ எடுத்துவிட்டார்கள். எம்.ஜி.ஆர் நடித்தது. வேற்றுக்கோளில் எல்லாம் இருக்கிறதாம், பாட்டு மட்டும் தெரியாதாம். அதனால் பூமியிலிருந்து ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தங்கத்துக்கும் தண்ணீருக்கும் வராமல் சங்கீதத்துக்காக வரும் வேற்றுக்கோள்வாசிகளைத் தமிழன் மட்டுமே யோசித்திருக்க முடியும். அலங்காரமெல்லாம் இன்று பார்த்தால் சிரிப்பு வரும், இருக்கட்டும்.

அப்புறம் 2010இன் ‘எந்திரன்’. பாடல் வெளியீட்டு விழாவையே மலேசியாவில்தான் வைத்தார்கள், அன்றைக்கு நம் ஊர் வேன்கள் பாதி அந்தப் பக்கம் போய்விட்டன. எல்லாரும் இயந்திரங்கள் உருண்டையாகச் சேர்ந்து உருளும் காட்சியைப் பேசுவார்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். நான் அந்த நேரத்தில் தண்ணீர் சுட வைக்கப் போய்விடுவேன். எனக்குப் படம் முழுக்க ஒரு இடம் போதும். தீப்பிடித்த கட்டடத்திலிருந்து அந்த இயந்திரம் ஒவ்வொருவராகத் தூக்கி வெளியே கொண்டுவருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து கூட்டத்தின் முன்னும் கேமராக்களின் முன்னும் நிறுத்துகிறது. அதன் கணக்கில் ஓர் உயிர் பிழைத்தது, அவ்வளவுதான். அந்தப் பெண் அவமானம் தாங்காமல் ஓடி வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். வெட்கம் என்ற ஒன்று அதற்குச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் என்ன வித்தியாசம் என்று உலகத்தில் எத்தனையோ படங்கள் மணிக்கணக்காகப் பேசியிருக்கின்றன. இது நம் ஊர்ப் புத்தியில் யோசித்த காட்சி. வசனமே தேவைப்படவில்லை.

கிராபிக்ஸ் நன்றாக இருந்தால்தானே படம் எடுபடும்?

2004இல் வந்த ‘ப்ரைமர்’ என்ற காலப்பயணப் படத்துக்கு ஆன செலவு சுமார் 7,000 அமெரிக்க டாலர். நம் ஊரில் ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்கு அதைவிடக் கூட ஆகிறது. சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. எச்சரிக்கை: ஒரு தடவையில் புரியாது. எனக்கு மூன்று தடவையிலும் புரியவில்லை, இருந்தாலும் விட மனசில்லை.

சில படத்தில் தூக்கம் வருகிறதே?

வந்தால் தூங்குங்கள். குறட்டை மட்டும் வேண்டாம்.

படத்தில் சொன்ன மாதிரி எதிர்காலம் நடந்ததா?

பெரும்பாலும் இல்லை, அதற்கு மதிப்பெண் போடுவதும் வீண். 1982இல் வந்த ‘பிளேட் ரன்னர்’ 2019ஆம் ஆண்டில் நடக்கும் கதை. அதில் கார் வானத்தில் பறக்கும், ஆனால் கதாநாயகன் போன் பேசப் பொதுத் தொலைபேசியைத் தேடிப் போவான். நிஜமான 2019இல் நம் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) காய் விற்கிறவர் கையிலும் போன் இருந்தது, கார்தான் தரையிலேயே நெரிசலில் நின்றது. ஆரூடம் பொய்த்தும் படம் பொய்க்கவில்லை. அந்த மழையும் நியான் வெளிச்சமும், சாகப்போகிறோம் என்று தெரிந்த இயந்திர மனிதனின் முகமும் அப்படியே இருக்கின்றன. வெளியான புதிதில் படம் சரியாக ஓடவில்லை என்பது வேறு கதை.

நம் ஊரை வைத்து ஓர் அறிவியல் படம் எடுத்தால் எப்படி இருக்கும்?

பிள்ளைகள் எல்லாரும் உடனே செம்பனைக் காட்டில் பறக்கும் தட்டை இறக்கிவிடுகிறார்கள். இறங்கினால் முதலில் காவலாளி வந்து ஐசி (அடையாள அட்டை) கேட்பார், படம் அங்கேயே நகைச்சுவையாகிவிடும்.

என்னிடம் ஒரு கதை இருக்கிறது. செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிக் குலை. முன்பெல்லாம் இங்கே இயற்கையாக மகரந்தம் சேர்வது போதவில்லை, காய் சரியாகப் பிடிக்காது. அதனால் மகரந்தத்தை எடுத்துக் கையால் தூவ ஆள் போட்டார்கள். எங்கள் அத்தை அந்த வேலை செய்தவர். மரம் மரமாகப் போய், பூ விரிந்த நாள் பார்த்துத் தூவ வேண்டும். 1981இல் கேமரூனிலிருந்து எள்ளளவு வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆப்பிரிக்காவில் செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது அதன் வேலை. சீக்கிரமே நாடு முழுக்கப் பரவியது. காய் நன்றாகப் பிடித்தது. அத்தைக்கு வேறு வேலை கொடுத்தார்கள்.

இப்போது கதை. ஒரு நாள் காலையில் அந்த வண்டு இல்லை. எங்கே போனது என்று படம் சொல்லவே வேண்டாம், அதுதான் நமக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே பொய். பூத்ததிலிருந்து குலை பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும் என்பதால் முதலில் யாருக்கும் தெரியாது. பிறகு லாரிகள் பாதி காலியாக ஆலைக்குப் போகின்றன. மறுபடி கையால் தூவ வேண்டும். யார் தூவுவது? லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் தாமான் என்ற ஊர்க் குடியிருப்புக்கு வந்து, அங்கிருந்து ஷா ஆலாமுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டார்கள். தோட்டத்தில் இப்போது வேலை செய்கிற இந்தோனேசியருக்கும் வங்காளதேசத்தவருக்கும் அந்தப் பக்குவம் தெரியாது. தெரிந்தவர்கள் எங்கள் அத்தை மாதிரி நாலைந்து கிழவிகள், முட்டிவலியோடு கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நிர்வாகத்துக் கார் வந்து திண்ணை முன்னால் நிற்கிறது. அத்தை எவ்வளவு சம்பளம் கேட்பார் என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் சண்டை. மச்சான் நாளுக்கு 200 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார். பணமே கேட்க மாட்டார், அந்தக் காலத்தில் காலி செய்யச் சொன்ன லயத்து வீட்டைத்தான் கேட்பார் என்கிறேன் நான்.

ரப்பருக்கும் ஒரு கதை கட்டலாம். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட கன்றுகளில் ஒன்று இன்னும் பெரிய மரமாக நிற்கிறது. தென் அமெரிக்காவில் ரப்பர்த் தோட்டங்களை அழித்த இலைக்கருகல் பூஞ்சை இந்தப் பக்கம் இதுவரை வரவில்லை. ஒரு பயணியின் சப்பாத்தில் (காலணியில்) ஒட்டிக்கொண்டு வந்தால்? அதை இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

ஏலியன் மாதத்தில் வேண்டாம். மற்ற மாதங்களில் தாராளமாக.

அன்றைக்கு மழை பெய்தால் படம் உண்டா?

உண்டு. மேலே தகரக் கூரை, மழை அடித்தால் வசனம் ஒரு சொல்கூடக் கேட்காது. அதற்காகவே ஒரு படம் தனியாக வைத்திருக்கிறேன். பிரான்சில் ஜார்ஜ் மெலியே 1902இல் எடுத்த நிலவுப் பயணம். பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், பேச்சு கிடையாது. குண்டு மாதிரி ஒரு கலத்தைப் பீரங்கியில் வைத்துச் சுடுகிறார்கள், அது போய் நிலவின் கண்ணில் குத்தி நிற்கிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். போன மழைக்காலத்தில் ஒரே இரவில் நாலு தடவை போடச் சொன்னார்கள். நாலாவது தடவை பாதிப் பேர் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தார்கள்.